உள்தையல்

எங்கள் ஊர் கெடாரில் ஊசி போட்டுக்கொள்வது நோய்க் கணக்கில் வராது. காய்ச்சல் என்று விழுப்புரம் போய் இடுப்பில் ஒன்றைக் குத்திக்கொண்டு, திரும்பி வந்து அப்படியே நாற்றுப் பிடுங்க இறங்கியவர்கள் நாங்கள். ஆபரேஷன் என்றால் கதை வேறு. ஆபரேஷன் பண்ணிய உடம்பு என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் போதும். ஆர்லிக்ஸ் பாட்டிலும் பிரெட்டும் சாத்துக்குடியும் வீடு தேடி வரும். குனியாதே, தூக்காதே, பனியில் நிற்காதே என்று ஊரே சொல்லும். தையல் போட்ட வயிற்றுக்கு இருக்கிற மரியாதை தாலி கட்டிய கழுத்துக்குக் கிடையாது.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் ஓரகத்தி வீரம்மாளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி அவள். தொண்ணூற்று மூன்றில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அப்போது எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. அவள் இறக்கி வைத்த குடம் என் இடுப்பில் ஏறியது. அவள் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஊற்றியதும் நான், களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைச் செடியில் மல்லாட்டை ஆய்ந்ததும் நான், இரண்டு குடும்பத்துக்கும் கேப்பைக் களி கிண்டியதும் நான். பாகம் பிரித்து அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போன பிறகும், "அண்ணியால முடியாது இல்ல, நீ ஒரு கை பாத்துடு" என்பார் என் வீட்டுக்காரர்.

பாண்டுரங்கன் என்று பெயர். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார். நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மட்டும் அவருக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகம் வந்துவிடும்.

எனக்கு அறுபது முடிந்திருந்த வருஷம் அது, இரண்டாயிரத்துப் பதினெட்டு. என் மகள் புனிதா திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அவள் பள்ளியில் பெண்களுக்கு மார்புப் பரிசோதனை முகாம் நடந்தது. அவளைப் பார்க்கப் போயிருந்த என்னையும் இழுத்துக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினாள். படம் எடுத்தார்கள். பிறகு சதை எடுத்துப் பார்த்தார்கள். இடது பக்கம் ஒரு கட்டி, மல்லாட்டைப் பருப்பு அளவுக்கு. புற்றுநோய்தான் என்று சொல்லிவிட்டார்கள். புனிதா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அழுகை வரவில்லை.

விழுப்புரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியபோது ஒரு நினைப்பு வந்தது. இனி நான் படுக்கலாம்.

அந்த நினைப்பை நானே அதட்டினேன். எமன் வாசலில் நிற்கிறான், உனக்குப் படுக்கை கேட்கிறதா என்று. அது நகரவில்லை. விழுப்புரம் வருவதற்குள் அது பெரிதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஓர் இரும்புக் கட்டில். தலைமாட்டில் ஃபிளாஸ்க். புனிதா ரசஞ்சோறு பிசைந்து கொண்டுவருகிறாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து "இன்னா வேணும்" என்று கேட்கிறார். நான் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். உனக்கு என்ன உடம்புக்கு என்று இத்தனை வருஷத்தில் யாராவது கேட்டிருந்தால் அசதி என்றுதான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கட்டி வந்த பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த வாரமே விழுப்புரம் கடைத்தெருவில் முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி இரண்டு வாங்கினேன். ஒரு புது ஃபிளாஸ்க், ஒரு சீப்பு, ஒரு போர்வை. திருவிழாவுக்குக் கிளம்புகிறவள் மாதிரி பையில் அடுக்கி வைத்தேன். வீரம்மாள் வந்து பார்த்தாள். "இடது பக்கமா? அப்பன்னா இடது கையால எதையும் தூக்கவே கூடாது அம்சா. உசுரு இருக்கிற வரிக்கும்" என்றாள். அவள் என்னவோ வருத்தமாகத்தான் சொன்னாள். என் காதில் அது ஆசீர்வாதமாக விழுந்தது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான், அவர், புனிதா மூவரும் போனோம். டாக்டரம்மாவுக்குப் புனிதாவைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. அவளும் சரியாகத் தூங்கி நாளாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"கட்டி சின்னதா இருக்கும்மா. மெதுவா வளர்ற ஜாதி. அதனால உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு" என்றாள். "ஒண்ணு ஆபரேஷன். கட்டியையும் சுத்தி இருக்கிற கொஞ்சம் சதையையும் எடுத்துடுவோம், அக்குள்லயும் பார்ப்போம். ரொம்ப காலமா செய்யறது, எங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச வழி. சில நாள் இங்க தங்கணும், அப்புறம் சில வாரம் ஜாக்கிரதையா இருக்கணும்."

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். என் பை தயாராக இருந்தது.

"இன்னொண்ணு, அறுக்காமலே செய்யறது. மரத்துப் போக மருந்து குடுத்து, ஸ்கேன்ல பார்த்துக்கிட்டே ஒரு ஊசியைக் கட்டிக்குள்ள விடுவோம். அது கட்டியை அப்படியே உறைய வச்சிடும், ஐஸ் மாதிரி. உருகவிட்டு மறுபடியும் உறைய வைப்போம். கட்டி இருக்கிற இடத்துலயே செத்துப் போயிடும். சாயங்காலமே கிளம்பிடலாம். இது புதுசு. உங்க வயசுல, இந்த மாதிரி சின்னக் கட்டிக்கு மட்டும் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துல செய்யறோம். இதுவரைக்கும் நல்லா இருக்கு. ஆனா ரொம்ப வருஷம் கழிச்சு எப்படின்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியாது. அதனால ஸ்கேனுக்கு விடாம வரணும். மாத்திரை எந்த வழியில போனாலும் உண்டு."

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எனக்கு யாரும் ஐஸ் வைத்ததில்லை. கடைசியில் வைக்கப்போவது ஒரு டாக்டரம்மா என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்ப வெறும் ஊசிதானா?" என்றார் அவர். முகம் அப்படி மலர்ந்ததை என் மகள் பிறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை. "மறுநா வந்து பால் கறக்கலாங்களா டாக்டரம்மா?"

"ரெண்டு மூணு நாள் வலியும் வீக்கமும் இருக்கும். கனமா எதுவும் தூக்க வேணாம். அப்புறம் வழக்கமான வேலை எல்லாம் பார்க்கலாம்."

வழக்கமான வேலை. எனக்கு அந்த அறையில் வேறு எதுவும் காதில் விழவில்லை. புனிதா என் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருந்தாள், சந்தோஷத்தில். இரும்புக் கட்டிலும் ரசஞ்சோறும் முக்காலியும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"எனக்கு ஆபரேஷனே பண்ணிடுங்கம்மா" என்றேன்.

புனிதா என் கையை விட்டாள்.

"அம்மா, அறுக்க வேணாம்னு சொல்லிக்கினு இருக்காங்க. உனக்குப் புரியுதா இல்லியா?"

"புரியுது."

"ஆபரேஷனும் சரியான வழிதான், தப்பே இல்லை" என்றாள் டாக்டரம்மா. "ஏன்னு மட்டும் தெரிஞ்சுக்கலாமா?"

"எனக்கு ஊசின்னா பயம்" என்றேன்.

அவர் சிரித்தே விட்டார். "இவளுக்கா? நாய் கடிச்சப்போ தொப்புளச் சுத்திப் போட்டுக்கினு வந்து, அன்னிக்கே களை எடுத்தவ டாக்டரம்மா."

அன்றைக்குக் களை எடுக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. டாக்டரம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அவசரம் இல்லை. வெளிய உக்காந்து யோசிச்சுச் சொல்லுங்க. உங்க உடம்பு, நீங்க சொல்றதுதான்" என்றாள்.

வெளியே வந்ததும் புனிதா பிடித்துக்கொண்டாள். "ஒருத்தருக்கும் கிடைக்காதது உனக்குக் கிடைச்சிருக்குது. ஏம்மா இப்படிப் பேஜாரு பண்ற?" அவள் அப்பா நடுவில் புகுந்து, "வுடும்மா, டீ குடிச்சிட்டு வரலாம் வா" என்று கூட்டிக்கொண்டு போனார். எனக்கும் ஒரு டீ வாங்கி வரட்டுமா என்று அவள்தான் திரும்பிக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட இளையவள். கையில் ஜெபமாலை. வீங்கியிருந்த மற்றொரு கை முழுக்க இறுக்கமாக ஒரு உறை போட்டிருந்தாள். விசாரித்தால் மயிலம் பக்கம். அக்னஸ் என்று பெயர் சொன்னாள்.

"உங்க பொண்ணு பேசினது காதுல வுழுந்துச்சுக்கா. ஊசியிலயே சரியாக்கிடலாம்னா சொன்னாங்க?"

"ஆமா."

"எனக்கும் கேட்டாரு எங்க வூட்டுக்காரரு. கட்டி பெருசு, அதுக்கெல்லாம் ஆகாதுன்ட்டாங்க. முழுசா எடுத்துட்டாங்க." மார்பைக் காட்டவில்லை. முந்தானையை மட்டும் ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டாள். "மாதா உங்க பக்கம் இருக்காங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் தெரியாத ஊரில் தெரியாத பெண். இனி பார்க்கப் போவதில்லை. அதனால் கேட்டேன். "ஆபரேஷன் பண்ணா நல்லா ரெஸ்ட்டு கிடைக்கும் இல்ல?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படிப் புரிந்துகொண்ட பார்வையை எங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

"ஒரு மாசம் அசையக் கூடாதுன்னாங்கக்கா. முதல் ஞாயித்துக்கிழம எல்லாரும் பழம் வாங்கிக்கினு வந்தாங்க. அடுத்த ஞாயித்துக்கிழம ஒருத்தரும் வர்ல. அப்புறம் ஒருநா, கட்டிக்க லுங்கி இல்லன்னு வந்து நின்னாரு. அவரு தோய்ன்னு சொல்லல. இல்லன்னுதான் சொன்னாரு. நான் எழுந்துட்டேன்." உறை போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையாலதான் தோய்ச்சேன். அப்புறம் எல்லாம் பழையபடிதான்."

"ஏன் எழுந்த?"

"அதான் தெரியலக்கா" என்றாள் அக்னஸ். அதற்குள் உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வீரம்மாளுக்கும் ஆபரேஷன், இவளுக்கும் ஆபரேஷன். இவளுடையது இன்னும் பெரிது. அவள் உட்கார்ந்துவிட்டாள், இவள் எழுந்துவிட்டாள். அப்படியென்றால் வீரம்மாளை உட்கார வைத்தது கத்தி இல்லை. வீரம்மாள்தான். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்தைந்து வருஷமும் ஒரு புற்றுநோயும் தேவைப்பட்டிருக்கிறது. என் பிள்ளைக்குப் பால் கொடுத்த இடத்தை, படுக்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காக அறுக்கக் கொடுக்க இருந்தேனே என்று என்மேலேயே கோபம் வந்தது. அவர்கள் டீ குடித்துவிட்டு வந்தபோது, ஊசியே போட்டுக்கொள்கிறேன் என்றேன். புனிதா என்னைக் கட்டிக்கொண்டாள். தான் பேசிய பேச்சில்தான் மனம் மாறினேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும்.

ஊசி போடும் நாளில் அவர் வரவில்லை. மாட்டை யார் பார்ப்பது? புனிதாதான் கூட வந்தாள். என்னைப் படுக்க வைத்து, மரத்துப் போக மருந்து போட்டு, கம்பி மாதிரி நீளமான ஊசியை உள்ளே விட்டார்கள். பக்கத்தில் இருந்த திரையில் கட்டியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு உருண்டை வளர்ந்துகொண்டே வந்தது. அதுதான் ஐஸ் என்றாள் டாக்டரம்மா. வலி இல்லை. உள்ளே யாரோ அழுத்துகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பட்டப்பகலில் நான் மல்லாந்து படுத்திருக்கிறேன். சுற்றிலும் நாலைந்து பேர் நின்று, அம்மா அசையாதீங்க, அம்மா சும்மா இருங்க என்று கெஞ்சுகிறார்கள். முடிஞ்சிடுச்சும்மா என்றபோது, "அதுக்குள்ளியா?" என்று கேட்டுவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி திண்டிவனத்தில் புனிதா வீட்டில் தங்கினோம். மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போக வேண்டும். விழுப்புரம் வரை வந்து கெடார் பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டுத் திரும்பினாள். கனமா ஒன்றும் தூக்காதே என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள். வீட்டை அடைந்தபோது மாலைப் பால் கறக்கிற நேரம். அவர் பால் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். அவர் கணக்கில் அது பெரிய உதவி.

"வந்துட்டியா? ரெண்டு நாளா என் கைக்குப் பாதிப் பால்தான் வுடுது. உன் கைக்குத்தான் எறங்கும். கை காலக் கழுவிக்கினு வா."

"என்னால முடியாது. ஆபரேஷன் பண்ண உடம்பு" என்றேன்.

"ஊசிதான்னு புனிதா போன்ல சொல்லிச்சே."

"ஊசி இல்ல. ஆபரேஷன்."

"கத்தியே வெக்கலன்னாங்களே அம்சா. தையல் எங்க இருக்குது?"

உள்ளே போய்க் கட்டிலில் ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து விளக்கு வைக்கிறதுக்கு முன்னால் நான் அந்தக் கட்டிலில் படுத்ததில்லை. எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் வாசலில் நின்றார். பிறகு அடுத்த வீட்டுக்குப் போனார். ஆபரேஷன் விஷயத்தில் எங்கள் தெருவுக்கே அங்கேதான் தீர்ப்பு.

வீரம்மாள் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தாள். அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவை ஒருக்களித்தாள். கட்டிலில் உட்கார்ந்து என் முந்தானையை விலக்கினாள். சின்னதாக ஒரு பிளாஸ்திரி. சுற்றிக் கொஞ்சம் நீலம் பாய்ந்திருந்தது. அவ்வளவுதான். தையல் பார்த்துப் பழகின கண், ஏமாற்ற முடியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் முந்தானையைப் பழையபடி போர்த்திவிட்டாள். வாசலைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"உள்தையல் போட்டிருக்காங்க பாண்டு. வெளிய தெரியாது. வெளித்தையலவிட இதான் மோசம். குனிஞ்சா உள்ளயே பிரிஞ்சிடும்."

"எத்தினி நாளைக்கு அண்ணி?"

"நான் சொல்றேன் போ."

பாத்திரத்தை எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கொட்டகையில் அவர் மாட்டைக் கெஞ்சுகிற சத்தம். என்னிடம் அந்தக் குரலில் அவர் பேசியதில்லை.

வீரம்மாள் குனிந்து என் காதோடு சொன்னாள். "எனக்கு மூணு மாசத்துலயே ஆறிப்போச்சுடி."

நான் கண்ணைத் திறந்தேன். நான் சுமந்த குடம் அத்தனையும், ஆய்ந்த மல்லாட்டை அத்தனையும் கண்முன் வந்து நின்றது. "தெரிஞ்சேதான் உக்காந்திருந்தியா?"

"எழுந்தா மறுபடி உக்கார வுட மாட்டாங்க. அதான் எழுந்துக்கல."

"உன் வேலையெல்லாம் எவ செஞ்சா?"

"நீ" என்றாள். தலையைத் தூக்கவில்லை.

எழுந்து அவள் மயிரைப் பிடித்து ஆட்டியிருக்க வேண்டும். நியாயம் என் பக்கம் முழுசாக இருந்தது. ஆனால் சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டுமே. கட்டி என்று சொன்னபோது வராத அழுகை இப்போது வந்தது. வலியால் இல்லை, கோபத்தால்கூட இல்லை. அவ்வளவு அசதி. வீரம்மாள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். துடைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"நாளைக்குக் களி கிண்டிக்கினு வா" என்றேன். "உன் மருமவகிட்ட சொல்லக் கூடாது. நீயே கிண்டணும்."

"வர்றேன்" என்றாள்.

மறுநாள் வந்தாள். துடுப்புப் பிடிப்பதை மறந்தே போன கை. களி முழுக்கக் கட்டி கட்டியாக இருந்தது. என்னை எழுந்திருக்க விடாமல் தட்டைக் கட்டிலிலேயே வைத்துவிட்டு, "கட்டியா இருக்குதா?" என்று கேட்டாள். இருந்தால் இருக்கட்டும் என்று அவ்வளவையும் தின்றேன். தின்று முடித்ததும் கை கழுவ நான் எழப் போனேன். அவள் என் தோளை அழுத்திவிட்டு வெளியே போனாள். குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, கட்டில் ஓரத்தில் நின்று என் கையில் தண்ணீர் ஊற்றினாள்.